கோடியக்கரையில் காட்டுக்குள் நடந்துவிட்டு அதே நாளில் கடலிலும் குளிக்க முடியுமா?

தாராளமாக முடியும். காலையில் நடை, வெயில் ஏறுமுன் குளியல் என்று வைத்துக்கொள்ளுங்கள். மலையோ பாறையோ இங்கே இல்லை. இருப்பதிலேயே மேடான ராமர் பாதம்கூட ஏறக்குறைய 4 மீட்டர்தான். ஆளைப் படுத்துவது வெயிலும் முள்ளும் சேறும்.

1967 முதல் இது வனவிலங்கு சரணாலயம். வனத்துறை சோதனைச் சாவடியில் அனுமதி வாங்கும்போதே, அன்றைக்கு எந்தத் தடத்தில் நடக்க விடுகிறார்கள் என்று கேட்டுவிடுங்கள். ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர் வேண்டும். ரப்பர் செருப்பு உதவாது, சீமைக்கருவேல முள் அடியிலிருந்து ஏறிவிடும். தடித்த அடியுள்ள ஷூ போடுங்கள். வெளிமான்கள் புல்வெளியில் மேயும். அவை தலை தூக்கிப் பார்த்தால் அங்கேயே நின்றுவிடுங்கள், நெருங்கினால் ஓடிவிடும். மட்டக்குதிரைகளுக்குத் தீனி கொடுக்கவே கூடாது.

உப்பளத்தை ஒட்டிய சதுப்பில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். மேலே வெள்ளையாக உப்புப் பூத்து, வெடித்துக் காய்ந்த தரை போலத் தெரியும். கால் வைத்தால் அந்த ஏடு உடைந்து கறுப்புச் சேறு முழங்கால் வரை வாங்கும். வெடுக்கென்று இழுக்காதீர்கள், சேறு உறிஞ்சிப் பிடிக்கும், செருப்பு உள்ளேயே போய்விடும். பின்னால் சாய்ந்து உட்கார்ந்து, குதிகாலை மெல்ல ஆட்டி, காற்று உள்ளே போக இடம் விட்டு எடுங்கள். பூநாரை பார்க்க ஆசையிருந்தால் கரையில் நின்று பைனாகுலரில் பாருங்கள்.

கடலுக்கு வருவோம். இது வங்கக் கடலும் பாக் நீரிணையும் சந்திக்கும் முனை. முனையிலேயே இறங்க வேண்டாம், நீரோட்டம் திசை மாறிக்கொண்டே இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை வீசும்போது கிழக்குக் கரையில் அலை மோசமாக இருக்கும், அப்போது குளியலை விட்டுவிடுவதே நல்லது. தெற்குப் பக்கம் ஆழமில்லை, ஆனால் சேறு. ஆடி, தை அமாவாசைக்கு ஊர்க்காரர்கள் நீராடும் இடம் எது என்று கேட்டு, அங்கேயே இடுப்பளவு நீரோடு நில்லுங்கள்.

இரண்டு பக்கமும் அலை உடைய, நடுவில் மட்டும் அமைதியாகக் கலங்கிய நீர் தெரிந்தால் ஏமாற வேண்டாம். கரையில் ஏறிய தண்ணீர் திரும்பி ஓடும் வழி அது. அதில் சிக்கினால் கரையை நோக்கி முட்டி மோதாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்துங்கள். பாதத்தைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்தே நடந்தால் திருக்கை விலகிப் போகும். குத்திவிட்டால் தோல் பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் காலை வைத்தபடியே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். முள் ஆழமாக ஏறியிருந்தால் நீங்களே பிடுங்கக் கூடாது.

வேதாரண்யம் திரும்பும் பேருந்து நேரத்தைக் காலையில் இறங்கும்போதே நடத்துநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.