அந்தப் பெண் ஏன் ஓடி வந்தார்?

கேள்வி: மகனைப் பார்க்க நானும் கணவரும் ஜப்பான் போயிருந்தோம். கியோட்டோவில் நான்சென்ஜி கோயில் அருகே ஒரு சிறிய உணவகத்தில், சுடுநீர்ச் சட்டியில் மிதக்கும் டோஃபு சாப்பிட்டோம். நாங்கள் சைவம், மொழி தெரியாது. ‘மீன் சாப்பிட மாட்டோம்’ என்று செல்போனில் காட்டியதும், பரிமாறிய பெண் தொட்டுக்கொள்ள வைத்திருந்த கிண்ணத்தை எடுத்துப் போய், நெடுநேரம் கழித்து வேறொன்று கொண்டுவந்தார். அன்பாகக் கவனித்துக்கொண்டார். கிளம்பும்போது 1,000 யென் மேசையில் வைத்தோம். தெருமுனைவரை ஓடி வந்து, குனிந்து வணங்கி, திருப்பிக் கொடுத்துவிட்டார். அவரை அவமதித்துவிட்டோமோ?
– வாசகி, திருச்சி

பதில்: இல்லை, சகோதரி. இந்தக் கவலையை இன்றோடு விட்டுவிடுங்கள். ஜப்பானில் சாப்பாட்டுக் கடைகளில் டிப்ஸ் வைக்கும் வழக்கம் இல்லை. பழைய பாணி விடுதிகளில் சிலர் உறையில் போட்டுக் கொடுப்பதுண்டு, அவ்வளவுதான். மேசையில் பணம் கிடந்தால் யாரோ மறந்துவிட்டார்கள் என்றுதான் அங்கே நினைப்பார்கள். குடையை மறந்திருந்தாலும் அவர் அதே ஓட்டம்தான் ஓடியிருப்பார்.

எனக்கு அந்தக் கிண்ணத்தைப் பற்றித்தான் பேச வேண்டும். நீங்கள் சாப்பிட்டது யூடோஃபு. கொம்பு என்ற கடற்பாசி போட்ட வெந்நீரில் டோஃபுவைச் சூடாக்குவார்கள். அதில் மீன் கிடையாது. தொட்டுக்கொள்ளும் சாற்றில்தான் சிக்கல். பார்வைக்கு வெறும் சோயா சாஸ்தான். ஆனால் அதில் பெரும்பாலும் கட்சுவோபுஷி, அதாவது புகையில் உலர்த்திச் சீவிய சூரை மீனின் சாறு சேர்ந்திருக்கும். ஜப்பானியர் பலர் அதை மீன் என்று கணக்கில் எடுப்பதே இல்லை, நாம் பெருங்காயத்தைக் காய்கறியாக எண்ணாதது போல. ‘மீன் துண்டு எதுவும் இல்லையே’ என்று அவர் சும்மா இருந்திருந்தால் உங்களுக்குத் தெரிந்திருக்கப் போவதில்லை. உங்கள் வாயில் என்ன போகிறது என்று உங்களைவிட அவர் அதிகம் யோசித்திருக்கிறார். புதிதாக வந்த கிண்ணத்தில் கொம்பை ஊறவைத்து இறக்கிய சாறு இருந்திருக்கலாம். பௌத்த மடங்களின் சைவச் சமையலில் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். இனிப்பு, புளிப்பு போலத் தனிச் சுவையாக எண்ணப்படும் ‘உமாமி’க்கு ஜப்பானிய வேதியியலாளர் இக்கேடா கிகுனாயே 1908இல் பெயர் வைத்ததும் கொம்புச் சாற்றை ஆராய்ந்துதான்.

இதற்கு எப்படி நன்றி சொல்வது என்றால், அவர்களிடமே ஒரு சொல் இருக்கிறது. சாப்பிட்டு எழுந்ததும் ‘கொச்சிசோசாமா தெஷிதா’ என்பார்கள். அதிலுள்ள ‘சிசோ’வை எழுதும் இரண்டு எழுத்துகளுக்குமே ஓடுவது என்று பொருள், விருந்தாளிக்காகப் பண்டம் தேடி அங்குமிங்கும் ஓடியவருக்குச் சொல்லும் நன்றி அது. நம் ‘விருந்து’ புதிதாக வந்தவரைக் குறிக்கிறது. அவர்கள் சொல் ஓடிய கால்களைப் பார்க்கிறது.

ஒரு அஞ்சலட்டை வாங்குங்கள். அந்தச் சொல்லையும், ‘எங்களுக்காகச் சாறு மாற்றிக் கொடுத்தீர்கள்’ என்ற ஒரு வரியையும் மகனை ஜப்பானிய மொழியில் எழுதிச் செல்போனில் அனுப்பச் சொல்லுங்கள். அதைப் பார்த்து உங்கள் கையாலேயே எழுதுங்கள்; கோணலாக வந்தால் வரட்டும். கீழே தமிழில் உங்கள் இருவர் பெயர். உணவகத்தின் முகவரி ரசீதில் இருக்கும், இல்லையென்றால் மகன் தேடித் தருவார். மகன் வழியாக அனுப்பாதீர்கள். திருச்சித் தபால் முத்திரையோடு போகட்டும்.