மரபணு கேள்வி–பதில்: மாத்திரையில் ஏறாத ரத்தம்

கேள்வி: எட்டு வாரக் கர்ப்பம். ஹீமோகுளோபின் 10.2, எம்.சி.வி. 63, சிவப்பணு எண்ணிக்கை 5.8 மில்லியன். மூன்று மாதம் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டும் ஏறவில்லை. இப்போது 'ஹெச்பி ஏ2 5.4 சதவீதம், பீட்டா தலசீமியா டிரெய்ட்' என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. குழந்தைக்கும் வருமா?
– வாசகி, தருமபுரி

பதில்: முதலில் பயத்தை விடுங்கள் அம்மா, உங்களுக்கு நோய் இல்லை. ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலிக்கான மரபணு, தாய்வழி ஒன்றும் தந்தைவழி ஒன்றுமாக எல்லோருக்கும் இரண்டு. உங்களுக்கு அதில் ஒன்று மட்டும் பழுது. இதைத்தான் டிரெய்ட் அல்லது கேரியர் என்கிறோம். சிவப்பணுக்கள் சிறுத்து, எண்ணிக்கையில் கூடும். எம்.சி.வி.யை, அதாவது சிவப்பணுவின் சராசரி அளவை, சிவப்பணு எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள்: 63ஐ 5.8ஆல் வகுத்தால் 10.9. விடை 13க்குக் கீழே இருந்தால் தலசீமியா கேரியராக இருக்கலாம், மேலே போனால் இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம். இது துப்புதான், உறுதிப்படுத்தியது, கேரியருக்குக் கூடியிருக்கும் ஹெச்பி ஏ2 என்ற ஹீமோகுளோபின் வகையின் அளவு. மாத்திரையைத் தொடர்வதா என்பதை, உடலின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பார்த்து மருத்துவர் சொல்லட்டும். ஃபோலிக் அமிலத்தை நிறுத்தாதீர்கள்.

இந்த வாரமே செய்ய வேண்டியது உங்கள் கணவருக்கான பரிசோதனை. முழு ரத்த எண்ணிக்கை, ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் ஹெச்.பி.எல்.சி. இரண்டும் வேண்டும். ஹெச்பி ஏ2 மட்டும் பார்த்து 'நார்மல்' என்று விட்டுவிடுவதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். இரும்புச்சத்து குறைந்திருந்தால் ஹெச்பி ஏ2வும் கொஞ்சம் இறங்கி, கேரியர் என்பதை மறைத்துவிடும். கடந்த மூன்று மாதத்தில் ரத்தம் ஏற்றியிருந்தால், கொடுத்தவரின் ரத்தமும் கலந்தே அளக்கப்படும். அவருடைய எம்.சி.வி. 80க்கும் எம்.சி.ஹெச். (ஒரு சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபின் அளவு) 27க்கும் கீழே இருந்து ஹெச்பி ஏ2 எல்லைக்கோட்டில் நின்றால், டி.என்.ஏ. பரிசோதனை கேளுங்கள். அவர், சிவப்பணு அரிவாள் போல் வளையும் அரிவாள் செல் நோயின் கேரியராக இருந்தாலும் குழந்தைக்கு நோய் வரலாம், அதையும் ஹெச்.பி.எல்.சி. காட்டிவிடும். (நீலகிரிப் பழங்குடியினரிடம் 1952லேயே இது கண்டறியப்பட்டது.)

அவருக்கு எதுவும் இல்லையென்றால் குழந்தைக்குத் தலசீமியா மேஜர், அதாவது இரண்டு மரபணுவும் பழுதாகி வரும் கடுமையான ரத்தசோகை நோய், வராது. கேரியராக இருக்க 50 சதவீத வாய்ப்பு. இருவருமே பீட்டா தலசீமியா கேரியர் என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் அந்த நோய் வர 25 சதவீத வாய்ப்பு. முதல் குழந்தை நன்றாகப் பிறந்துவிட்டதால் அடுத்ததற்கு ஆபத்து கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை.

இருவருமே கேரியர் என்றால், இருவரின் மரபணுவிலும் எந்தப் பிழை என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்களில் இது நடக்கிறது. இதற்கு நாள் பிடிக்கும், அதனால்தான் அவசரப்படுத்துகிறேன். பிறகு 11 முதல் 14 வாரத்துக்குள் நஞ்சுக்கொடித் திசு எடுத்துப் பார்க்கலாம். தவறினால் 16 வாரத்துக்குப் பின் பனிக்குட நீர். இவற்றால் கரு கலையும் ஆபத்து கைதேர்ந்தவர்களிடம் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. எடுத்த திசுவில் தாயின் செல் கலந்தால் முடிவு தவறாகும். அந்தச் சோதனையும் செய்தார்களா என்று கேளுங்கள். சட்டப்படி பதிவு பெற்ற மையத்தில் மட்டுமே செய்யலாம். குழந்தை ஆணா பெண்ணா என்று சொல்ல மாட்டார்கள்.

கேள்வி: அக்கா மகளை எனக்குப் பேசியிருக்கிறார்கள். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் பரம்பரை நோய் கிடையாது. பிறகென்ன பயம்?
– வாசகர், விருதுநகர்

பதில்: கேரியருக்கு நோய் வெளியே தெரியாது, தலைமுறை தலைமுறையாக மறைந்தே வரும். உங்கள் அம்மாவோ அப்பாவோ அப்படி ஒரு பழுதான மரபணுவைச் சுமந்தால், உங்களுக்கு அது வந்திருக்க வாய்ப்பு 2ல் 1, அக்கா மகளுக்கு 4ல் 1. இருவருக்கும் இருந்து, பிள்ளைக்கு இரண்டு பக்கமிருந்தும் வந்து சேர 32ல் 1. அத்தை மகள், மாமன் மகள் என்றால் இதே கணக்கு 64ல் 1. ஒருவரிடம் இப்படிப் பல மரபணுக்கள் இருக்கலாம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

பரிசோதனைக்கு முன், மூன்று தலைமுறையை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். "சின்ன வயசிலேயே தவறிடுச்சு" என்று ஒரு வரியில் முடிந்துபோன குழந்தைகள், வாய் பேசாதவர்கள், வலிப்பு வந்தவர்கள், அடுத்தடுத்துக் கலைந்த கர்ப்பங்கள், எல்லாம் அதில் வர வேண்டும். பணம் கட்டி எடுக்கும் எந்தப் பரிசோதனையும் இந்தத் தாளுக்கு ஈடில்லை. அதோடு மரபணு ஆலோசகரைப் பாருங்கள். இருவருக்கும் சேர்த்து, புரதம் உருவாக்கும் மரபணுப் பகுதிகளை மொத்தமாகப் படிக்கும் எக்சோம் பரிசோதனை செய்யலாம். ஆனால் முதுகுத்தண்டுத் தசைநலிவு நோயான எஸ்.எம்.ஏ.வை அது தவறவிடக்கூடும், தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும்.

கேள்வி: அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். எனக்கு எடுத்த பி.ஆர்.சி.ஏ. ரிப்போர்ட்டில் 'வி.யு.எஸ்.' என்றிருக்கிறது. மார்பகத்தை எடுத்துவிட வேண்டுமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: இதை வைத்து வேண்டாம். பி.ஆர்.சி.ஏ. என்பது, பழுதானால் மார்பகப் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டும் மரபணு. வி.யு.எஸ். என்றால் மாற்றம் ஒன்று தென்படுகிறது, அது கெடுதலா என்று இன்னும் தெரியவில்லை என்றே பொருள். உங்களுக்கு முன் அம்மாவுக்குத்தான் பரிசோதித்திருக்க வேண்டும். இப்போதும் அதைச் செய்யலாம். அவரிடம் நோயுண்டாக்கும் மாற்றம் கிடைத்தால், அது உங்களிடம் உண்டா என்று மட்டும் பார்த்தால் போதும். கிடைக்காவிட்டாலும் குடும்ப வரலாற்றை வைத்து, உங்களுக்கு எந்த வயதில் மேமோகிராம் தொடங்குவது என்று மருத்துவர் சொல்வார். ரிப்போர்ட்டைப் பத்திரமாக வையுங்கள். ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை அதே ஆய்வகத்தில், அந்த மாற்றத்துக்கு இப்போது என்ன பொருள் என்று கேளுங்கள்.