தவிட்டு வாளியா, பாசமா?

கேள்வி: என்னைப் பார்த்தாலே எங்கள் மாடு 'ம்மா' என்று குரல் கொடுக்கிறது. தாடியைச் சொறிந்தால் கண் சொக்குகிறது. "அது உன்னையில்ல, தவிட்டு வாளியப் பாத்துக் கத்துது" என்கிறார் வீட்டுக்காரர். மாட்டுக்கும் நம்மைப் போல சந்தோஷம் உண்டா?
- வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: குரல் விஷயத்தில் வீட்டுக்காரர் சொல்வதே பெரும்பாலும் சரி. கறவை நேரத்திலும் தீவன நேரத்திலும் மாடு கத்துவது பசிக்கும் மடி கனத்ததற்கும்தான். கண் சொக்குவது வேறு. அதைச் சோதித்தே பார்க்கலாம். தீவனம் வைத்து இரண்டு மணி நேரம் கழித்துக் கட்டுத்தரைக்கு வெறுங்கையோடு போங்கள். முகத்துக்கு நேரே போகாமல் தோள்பக்கம் நின்று, கழுத்துக்கு அடியில் தாடி தொங்கும் இடத்தை 3 நிமிடம் அழுத்திச் சொறியுங்கள். கழுத்தை நீட்டிக் கொடுத்து, காது தளர்ந்து தொங்கி, இமை பாதி இறங்கினால் அது சுகத்தில் இருக்கிறது. கையை எடுத்ததும் தலையால் இடித்து இன்னும் கேட்டால் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள், வாளி எங்கே என்று. மாடுகள் ஒன்றையொன்று நக்கிக்கொடுப்பதும் அதிகமாகத் தலையிலும் கழுத்திலும்தான்; தன் நாக்கு எட்டாத இடம். அங்கே தடவும்போது நெஞ்சுத் துடிப்பு இறங்குவதை அளந்து பார்த்திருக்கிறார்கள். கண்ணில் வெள்ளை அதிகம் தெரிந்தால் மட்டும் விட்டுவிடுங்கள், அது மிரட்சி.

'நம்மைப் போல' என்பதில்தான் சிக்கல். 1990களின் கடைசியில் யாக் பாங்க்செப் என்ற ஆய்வாளர் எலிகளுக்குக் கிச்சுக்கிச்சு மூட்டினார். அவை 50 கிலோஹெர்ட்ஸில் கீச்சிட்டன. நம் காது 20க்கு மேல் கேட்காது, கருவி வைத்துத்தான் பிடிக்க வேண்டியிருந்தது. கிச்சுக்கிச்சு மூட்டிய கையையே அவை தேடி ஓடிவந்தன. பயந்த எலியின் குரல் வேறு, 22 கிலோஹெர்ட்ஸ். சுகத்தை உணரும் மூளையின் ஆழ்பகுதி எலிக்கும் மாட்டுக்கும் நமக்கும் ஏறக்குறைய ஒரே அமைப்புதான். வரும் தையில் நடக்கப்போகும் கல்யாணத்தை நினைத்து இப்போதே பூரிக்கிறோமே, அதற்கு மேல்மூளை நிறைய வேண்டும். மாடு அவ்வளவு தூரம் முன்னே நினைக்கிறது என்பதற்குச் சான்றில்லை.

கேள்வி: பொள்ளாச்சிச் சந்தையில் வாங்கிய மாடு, கறக்கும் ஆள் மாறினால் பாலை ஏத்திக்கொள்கிறது. பிடிவாதமா?
- வாசகர், வேலந்தாவளம்

பதில்: பயம். காம்பைத் தொட்டதும் பாலை இறக்கும் ஹார்மோனான ஆக்சிடோசின் சுரந்து, ஒரு நிமிடம் போல ஆகும்போது மடிக்கு வந்துசேரும். அதன் வேகம் 5 முதல் 7 நிமிடம்தான். மிரண்டால் பயத்தில் சுரக்கும் அட்ரினலின் குறுக்கே வந்து அதை மறித்துவிடும். புது ஆள் நாலைந்து நாள் பழைய ஆளோடு நின்று தீவனம் வைக்கட்டும். மடியை வெதுவெதுப்பான நீரில் கழுவித் துடைத்து, காம்புக்கு இரண்டு மூன்று பீச்சு பீச்சிவிட்டு, ஒரு நிமிடம் பொறுத்து, தொடங்கினால் நிறுத்தாமல் 7 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். நடுவில் போன் பேச எழுந்துபோனால் மீதிப் பால் மடியிலேயே தங்கும். மடிநோய் அங்கே தொடங்கலாம். ஆக்சிடோசின் ஊசி போட்டுக் கறக்க வேண்டாம். பழகிவிட்டால் ஊசியில்லாமல் பால் இறங்காது.

கேள்வி: நாய் வாலாட்டினால் சந்தோஷம்தானே?
- வாசகர், சித்தூர்

பதில்: இடுப்போடு சேர்ந்து தளர்வாக ஆடினால் ஆமாம். வால் விறைத்து மேலே நின்று வேகமாகத் துடித்தால் கடிக்கவும் கூடும்.

கேள்வி: நென்மாறை வல்லங்கி வேலா திருவிழாவில் பஞ்சவாத்தியத்துக்கு யானை காதாட்டி, அசைந்து ரசிக்கிறதே?
- வாசகர், கொல்லங்கோடு

பதில்: ரசிப்பதுபோலத் தோன்றும். நம்மைப் போல வியர்த்துச் சூடு தணிக்க யானையால் முடியாது. காதின் பின்புறம் மெல்லிய தோலுக்கடியில் ரத்தக்குழாய்கள் நிறைய. விசிறி விசிறித்தான் ரத்தத்தைக் குளிரவைக்கிறது. மீன மாத வெயிலில் கேட்கவே வேண்டாம். நின்ற இடத்திலேயே இப்படியும் அப்படியும் ஆடுவது, நெடுநேரம் சங்கிலியில் நிற்கும் யானைகளுக்கு ஒட்டிக்கொள்ளும் பழக்கம். மேளம் நின்ற பிறகும் ஆடுகிறதா என்று கவனியுங்கள். பிரிந்த யானைகள் மறுபடி சந்திக்கும்போதுதான் சந்தோஷத்தைப் பார்க்கலாம்: காதை விரித்து, அடித்தொண்டையில் உறுமி, துதிக்கையை மற்றதன் வாயில் வைக்கும்; ஆப்பிரிக்க யானைகளுக்குக் கன்னச் சுரப்பியும் கசியும். மதம் பிடித்தாலும் அதே சுரப்பிதான் கசியும் என்பதால், கன்னம் நனைந்த யானையின் பக்கத்தில் பழம் நீட்டப் போகாதீர்கள்.