ரூட் கெனால் முடிந்த பல்லுக்கு கேப் வேண்டுமா?
வலிதான் போய்விட்டதே, பல்லை மூடும் உறையான கேப்புக்கு எதற்கு இன்னொரு செலவு என்று கேட்டிருக்கிறீர்கள். கீழ்க் கடைவாய்ப் பல் என்பதால் தயவுசெய்து போட்டுவிடுங்கள். சொத்தையைச் சுரண்டி, நரம்பை எடுக்க மேலிருந்து துளைபோட்டதில் பல்லின் நடுப்பகுதி போய்விட்டது. மிச்சம் நிற்பது ஓரச் சுவர்கள்தான், முறுக்கையோ எலும்பையோ ஒருநாள் அழுத்திக் கடித்தால் பிளந்துவிடலாம், விரிசல் வேர்வரை இறங்கினால் பெரும்பாலும் பிடுங்கத்தான் வேண்டும், அப்புறம் இம்ப்ளான்ட் (தாடை எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்) அல்லது பிரிட்ஜ் (பக்கத்துப் பல்லைப் பிடிமானமாக வைத்துக் கட்டும் பல்) என்று இதைவிடப் பெரிய செலவு. பிரிட்ஜ் என்றால் பக்கத்துப் பல் நன்றாக இருந்தாலும் அதையும் ராவ வேண்டும், எனக்கு அதற்கு மனசே வராது. பல் நிறத்தில் இருக்கும் சிர்கோனியா கேப் கட்டுப்படியாகாவிட்டால் உலோகக் கேப் போதும், பின்பல்தானே, நன்றாக உழைக்கும். இப்போது இருப்பது தற்காலிக அடைப்பு என்றால் தள்ளிப்போடாதீர்கள், அது தேய்ந்து எச்சில் உள்ளே கசிந்தால் செய்த சிகிச்சையே வீணாகிவிடும். அதுவரை அந்தப் பக்கம் மெல்லாதீர்கள்.