ஐ7 என்றதும் மயங்காதீர்கள்: பழைய லப்டொப் பற்றிச் சில பதில்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் பாவித்த லப்டொப் பற்றியவை. ஒரே மாதிரியானவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். படம் எடுத்து அனுப்பியவர்களுக்கு நன்றி, பாதி வேலை அதிலேயே முடிந்தது.

மகள் உயர்தரத்தில் ஐ.சி.டி. எடுக்கிறா. கையில் 70 ஆயிரம் ரூபாதான் இருக்கு. கடையில் ஒரே விலைக்கு இரண்டு காட்டினார்கள். ஒன்று ஐ7, மற்றது ஐ5. ஐ7 தானே திறம்?
(உவர்மலையில் இருந்து ஒரு அம்மா)

அம்மா, அந்த 7 ஐ விடுங்கள், அதற்குப் பின்னால் வருவதைப் பாருங்கள். நீங்கள் அனுப்பிய படத்தில் ஒன்று ஐ7-4600யு, மற்றது ஐ5-8250யு. இரண்டும் இன்டெல் கம்பனியின் புரோசசர்கள், அதாவது லப்டொப்பின் மூளை. கோட்டுக்குப் பிறகு வரும் முதல் இலக்கம்தான் தலைமுறை. (பத்தாம் தலைமுறையில் இருந்து முதல் இரண்டு இலக்கம்.) அந்த ஐ7 நான்காம் தலைமுறை, 2013 ஆம் ஆண்டுச் சரக்கு, உள்ளே இரண்டு கோர் (கணக்குப் போடும் பகுதி). ஐ5 எட்டாம் தலைமுறை, 2017 இல் வந்தது, உள்ளே நான்கு கோர். ஏழாம் தலைமுறை வரைக்கும் எண்ணின் கடைசியில் வரும் இந்த 'யு' வகையில் ஐ5 ஆனாலும் ஐ7 ஆனாலும் இரண்டு கோர்தான் வைத்தார்கள். பெயரில்தான் அண்ணன்.

இன்னொரு காரணமும் இருக்கு. இன்டெல் என்றால் விண்டோஸ் 11 ஐ முறைப்படி ஏற்பது, ஒன்றிரண்டைத் தவிர, எட்டாம் தலைமுறையில் இருந்துதான். விண்டோஸ் 10 க்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 ஒக்டோபர் 14 உடன் பொதுவாக நின்றுவிட்டன. ஆகவே ஐ5 ஐ எடுங்கள்.

ஐ.சி.டி. பாடத்துக்குப் பைதன், தரவுத்தளம், இணையப்பக்கம் இவ்வளவும்தான் வேண்டும். எதுவும் பாரமான வேலை இல்லை. பிள்ளை சூம் வகுப்பையும் பத்துப் பக்கங்களையும் ஒன்றாகத் திறந்து வைக்கும்போதுதான் மெசின் மூச்சு வாங்கும். அதற்கு ராம் (திறந்திருக்கும் வேலைகளை வைத்திருக்கும் தற்காலிக நினைவகம்) 8 ஜி.பி. கட்டாயம். 4 ஜி.பி. என்றால், பிறகு கூட்டலாமா என்று கேளுங்கள். லெனோவோ திங்க்பேட் டி480, எச்.பி. எலீட்புக் 840 ஜி5, டெல் லட்டிட்யூட் 7490 மூன்றிலும் ராம் போட இரண்டு இடம் உண்டு. திங்க்பேட் எக்ஸ்280 கைக்கு அடக்கமாக, வடிவாக இருக்கும், ஆனால் ராம் போர்டோடு ஈயம் வைத்து ஒட்டியது. வாங்கிய அன்று இருந்ததுதான் கடைசி வரைக்கும்.

நான் சொன்னவை எல்லாம் கந்தோர்களுக்கென்று செய்த மொடல்கள் என்பதைக் கவனித்திருப்பீர்கள். வீட்டுக்கென்று விற்ற மெல்லிய பிளாஸ்ரிக் மெசின்களில் கீல் பிடிக்கும் இடம் மூன்று நான்கு வருசத்தில் உடைந்து என் மேசைக்கு வரும். கந்தோர் மெசினில் அடிப்பக்கத்து ஆணிகளைக் கழற்றினால் பற்றரி, டிஸ்க், ஃபேன் எல்லாம் கைக்கு எட்டும்.

70 ஆயிரத்தையும் கடையில் கொட்டிவிட்டு வராதீர்கள். பதினைந்தை மடியில் வைத்திருங்கள். பற்றரியோ டிஸ்கோ ஆறு மாதத்துக்குள் கேட்கும்.

கடையில் பத்து நிமிசம் தருவார்கள். அதற்குள் எதைப் பார்ப்பது? எல்லாம் புதுசு மாதிரித்தான் மினுங்குது.
(கிண்ணியா)

தம்பி, மினுங்குவது ஸ்டிக்கர். மூடியிலும் கை வைக்கும் இடத்திலும் புதிதாக ஒட்டி விடுகிறார்கள். ஓரத்தை நகத்தால் மெல்லக் கிளப்பினால் கீழே இருக்கும் கீறலும் வெடிப்பும் தெரியும். கீறல் பரவாயில்லை. வெடிப்பு கீலுக்குப் பக்கத்தில் இருந்தால் வேண்டாம்.

ஒரு யு.எஸ்.பி.யில் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ, எச்டபிள்யூ இன்ஃபோ என்ற இரண்டு இலவச மென்பொருட்களையும் கொண்டு போங்கள். முதலாவது டிஸ்க்கின் சுகத்தையும் அது எத்தனை மணித்தியாலம் ஓடியது என்பதையும் சொல்லும். இரண்டாவதில் பற்றரிப் பகுதியில் இரண்டு எண் இருக்கும், செய்தபோது இருந்த கொள்ளளவும் இப்போதைய கொள்ளளவும். 50 வாட்-அவர் பற்றரி 30 இல் நின்றால் ஐந்தில் இரண்டு பங்கு போய்விட்டது. அதைக் காட்டி விலையைக் குறையுங்கள்.

நோட்பேட்டைத் திறந்து எல்லா எழுத்தையும் தட்டுங்கள். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டுகிறவர் அரைப்புள்ளி விசையை இரண்டு தரம் தட்டுங்கள். நமக்கு மெய்யெழுத்தின் புள்ளி விழுவது அதில்தான், அது செத்தால் தமிழே செத்த மாதிரி. பிறகு வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, மூடியை முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டுங்கள். படம் துடித்தால் வயர் நைந்துவிட்டது.

கடைசியாகச் சொல்வதில்தான் நானே ஏமாந்தேன். சில வருசத்துக்கு முன்பு ஒரு கடையில் நல்ல விலைக்கு மூன்று மெசின் எடுத்தேன். பற்றரி, டிஸ்க் எல்லாம் பவுண். வீட்டுக்கு வந்து விண்டோஸைப் புதிதாகப் போட்டு வைஃபை கொடுத்ததும், மூன்றில் ஒன்று எங்கேயோ வெளிநாட்டுக் கம்பனியின் பெயரைக் காட்டி "வருக" என்றது, அவர்களுடைய மின்னஞ்சலையும் கடவுச்சொல்லையும் கேட்டது. கம்பனி தன் மெசின்களைப் பதிவு செய்து வைத்திருந்தால், விற்கும்போது அந்தப் பதிவை எடுத்துவிட வேண்டும். எடுக்காமல் விட்டால் எத்தனை தரம் அழித்துப் போட்டாலும் இன்டர்நெட்டைக் கண்டதும் பழைய முதலாளியைத்தான் தேடும். கடையில் பார்த்தபோது ஒன்றும் தெரியவில்லை, ஏனென்றால் அவர்கள் இன்டர்நெட் கொடுக்காமலே விண்டோஸ் போட்டிருந்தார்கள்.

ஆகவே "நிறுவனப் பூட்டு இருந்தால் காசு திருப்பித் தரப்படும்" என்று பில்லில் எழுதி வாங்குங்கள், அன்று இரவே புதிதாகப் போட்டுப் பாருங்கள். பயோஸுக்குள் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் மெசினின் அடிப்படை அமைப்பு) போக முடிகிறதா என்பதைக் கடையிலேயே, மெசினைப் போட்டதும் விசையைத் தட்டிப் பார்க்கலாம். திங்க்பேட்டில் எஃப்1, டெல்லில் எஃப்2, எச்.பி.யில் எஃப்10. கடவுச்சொல் கேட்டால் வைத்துவிட்டு வாருங்கள். "உள்ளே இருக்கிற சின்ன பற்றரியைக் கழற்றினால் போயிடும்" என்பார்கள். இந்தக் காலத்துக் கந்தோர் மெசின்களில் அது போகாது.

சார்ஜ் போட்டுக்கொண்டு லப்டொப்பின் விளிம்பைத் தடவினால் சுள்ளென்று இருக்கு. ட்ரிப் விழவில்லை. ஆபத்தா?
(பாலையூற்று)

அநேகமாக எர்த் இல்லாத குறை. சார்ஜருக்குள் இரைச்சலை வடிகட்ட வைத்திருக்கும் சிறு கபாசிட்டர் வழியாக ஒரு மில்லி அம்பியருக்கும் குறைந்த கசிவு எப்போதும் வரும். மூன்று பின் சார்ஜரில் அது எர்த் வழியாக இறங்கிப் போகும். வழி இல்லாதபோது உங்கள் விரலால் இறங்குகிறது. வீட்டு ட்ரிப் ஸ்விட்ச் வழமையாக 30 மில்லி அம்பியருக்குத்தான் விழும், அதனால் இதை அது கணக்கில் எடுக்காது.

பிளக்கைப் பாருங்கள். பழைய வட்டப் பின் பொயின்ற்றுக்குள் இரண்டு பின் மாற்றி ஒன்றைச் செருகியிருந்தால் அதைத் தூக்கி எறியுங்கள். நேரே 13 அம்பியர் சதுரப் பின்னில் போட்டும் சுள்ளென்றால் வீட்டு எர்த்தை மின்வேலைக்காரர் ஒருவரிடம் அளக்கக் கொடுங்கள். மணல் நிலத்தில் அடித்த எர்த் கம்பி கோடையில் காய்ந்துபோய்ச் சரியாக வேலை செய்யாது. சுள்ளென்று இல்லாமல் கையை இழுக்கிற மாதிரி அடித்தால் அது வேறு கதை, அந்தச் சார்ஜரை இனித் தொடாதீர்கள். சதுரப் பின் பிளக்குக்குள் இருக்கும் ஃபியூஸ் லப்டொப்புக்கு 3 அம்பியர் போதும். நான் கழற்றிப் பார்த்த ஒன்றில் ஃபியூஸுக்குப் பதிலாக சிகரெட் ஈயத்தாள் சுருட்டி வைத்திருந்தது.

நான் ஆசிரியர். 2013 இல் வாங்கியது, திறக்கவே ஐந்து நிமிசம். எறிந்துவிடவா? வினாத்தாள் எல்லாம் பாமினியில் இருக்கு.
(மூதூர்)

எறியாதீர்கள் சேர். சுழலும் ஹாட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு 2.5 அங்குல சாட்டா எஸ்.எஸ்.டி. (சுழலும் பாகம் இல்லாத டிஸ்க்) ஒன்றைப் போடுங்கள். ஐந்து நிமிசம் அரை நிமிசமாகும். அதோடு ராமையும் 8 ஆக்குங்கள். அந்த வயது மெசின்கள் பலவற்றில் 1.35 வோல்ட்டில் ஓடும் டிடிஆர்3எல் ராம்தான் வேலை செய்யும், பழைய 1.5 வோல்ட் டிடிஆர்3 ஐ ஏற்காது. ஏற்கெனவே இருப்பதைக் கழற்றிக் கடைக்குக் கொண்டு போய் அதே மாதிரிக் கேளுங்கள்.

விண்டோஸ் 11 இதற்கு வேண்டாம், குறுக்கு வழியில் போட்டுத் தருவோம் என்பவர்களிடம் கொடுக்கவும் வேண்டாம். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தின் பாரம் குறைந்த எக்ஸ்எஃப்சிஈ வகையைப் போடுங்கள், இலவசம். 22 ஆம் பதிப்புக்கு 2029 வரை பாதுகாப்புத் திருத்தம் உண்டு. பாமினிக்குப் பயப்பட வேண்டியதில்லை. எழுத்துருக் கோப்பைப் பழைய விண்டோஸில் இருந்து பிரதி எடுத்து இங்கே நிறுவினால் வினாத்தாள் தமிழிலேயே திறக்கும், இல்லாவிட்டால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். அதில் வேர்டுக்குப் பதிலாக வரும் லிப்ரே ஆபிஸில் அட்டவணைகளும் கேள்வி இலக்கங்களும் கொஞ்சம் நகரும், அதைச் சரிபார்த்து ஒரு பிரதியைப் பி.டி.எஃப். ஆக்கி வையுங்கள். இனி எழுதுபவற்றையாவது தனி எழுத்துரு இல்லாமலே எந்த மெசினிலும் தமிழாகத் தெரியும் யுனிகோடில் எழுதுங்கள் சேர், பத்து வருசம் கழித்து இன்னொருவர் இதே கேள்வியைக் கேட்கக் கூடாது.

வீடு கடலுக்கு முன்னால். ஒரு வருசத்தில் ஃபேன் இரையத் தொடங்கி, யு.எஸ்.பி. ஓட்டையில் பச்சை பிடிச்சிருக்கு.
(திருக்கடலூர்)

நம்முடைய திருகோணமலையில் லப்டொப்புக்கு இரண்டு எதிரி. மே தொடங்கிக் கச்சான் அடிக்கும்போது புழுதி. வருசக் கடைசியில் வாடையோடு மழை வரும்போது உப்பு ஈரம். புழுதி முதலில் போய் வெப்பத்தகட்டின் இடுக்கில் கம்பளம் மாதிரிப் படியும், பிறகு ஈரம் வந்து அதைக் களியாக்கும். போன மாதம் ஒன்றைத் திறந்தபோது ஃபேனுக்கும் தகட்டுக்கும் நடுவில் இருந்ததைச் சாம்பல்நிறத் துண்டாக அப்படியே உரித்து எடுத்தேன், தீப்பெட்டி அகலம்.

கச்சான் முடிந்ததும் வருசத்துக்கு ஒரு தரம் திறந்து சுத்தம் செய்யுங்கள். காற்று ஊதும்போது ஃபேன் இதழை ஒரு ஈர்க்கால் பிடித்துக்கொள்ளுங்கள், சும்மா சுழலவிட்டால் பெயரிங் போய்விடும். வெப்பப் பசை காய்ந்து சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தால் துடைத்துப் புதிது போடுங்கள். பச்சைக்கு ஐசோபுரொப்பைல் அல்ககோல் தொட்ட மென்மையான பிரஷ். கை கழுவும் சானிட்டைசர் வேண்டாம், அதில் வேறு பசை இருக்கு.

ஜன்னலுக்கு நேரே வைக்காதீர்கள். மாதக்கணக்கில் பெட்டியில் போட்டுப் பூட்டவும் வேண்டாம். வாரத்துக்கு ஒரு மணித்தியாலம் ஓடினால் அந்தச் சூட்டில் உள்ளே இருக்கும் ஈரம் காயும். அரிசிப் பானைக்குள் வைப்பது பற்றி யாரும் இனிக் கேட்க வேண்டாம்.

கீபோட்டுக்குள் எறும்பு.
(சாம்பல்தீவு)

பிஸ்கட்டை நிறுத்துங்கள். மருந்து அடிக்காதீர்கள். மெசினை அணைத்து, குப்புறக் கவிழ்த்து, வெளிச்சமான இடத்தில் ஒரு நாள் விட்டால் அநேகம் தாங்களே வெளியேறும். முட்டை போட்டிருந்தால் கழற்றத்தான் வேண்டும்.

எப்போதும் சார்ஜில்தான் இருக்கு. டச்பாட் சற்று மேலே எழும்பின மாதிரித் தெரியுது.
(தம்பலகாமம்)

இதை வாசித்ததும் அணையுங்கள். பற்றரி ஊதியிருக்கிறது. சார்ஜரைக் கழற்றுங்கள், அமத்தாதீர்கள், குத்தாதீர்கள், திறக்கத் தெரிந்தவரிடம் இன்றே கொண்டு போங்கள். புது பற்றரி போட்ட பிறகு, மெசினின் சொந்த மென்பொருளிலோ பயோஸிலோ சார்ஜை 80 வீதத்தில் நிறுத்தும் வசதி இருந்தால் போட்டுவிடுங்கள். முழுச் சார்ஜும் சூடும் சேர்ந்துதான் அதை ஊதவைத்தது.

டெல் மெசினுக்குச் சும்மா ஒரு சார்ஜர் வாங்கினேன். ஓடுது, ஆனால் பற்றரி ஏறுதில்லை, மெசினும் ஊருது.
(நிலாவெளி)

டெல் சார்ஜர் முனையின் நடுவில் ஊசி மாதிரி ஒன்று இருக்கும். "நான் இத்தனை வாட்" என்று மெசினுக்குச் சொல்வது அதுதான். மலிவுச் சார்ஜரில் அது பெயருக்கு இருக்கும், பேசாது. மெசின் நம்பாமல் பற்றரிக்குக் கொடுப்பதை நிறுத்தி வேகத்தையும் குறைத்துக்கொள்ளும். கடைக்குப் போகும்போது மெசினையும் கொண்டு போங்கள், 19.5 வோல்ட், 65 வாட் சார்ஜரைச் செருகி பயோஸில் வாட் அளவு தெரிகிறதா என்று பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள். ஊசி ஏற்கெனவே வளைந்திருந்தால் குறை பழைய முனையிலா மெசினிலா என்று சொல்ல எனக்கு அதைக் கையில் பார்க்க வேண்டும்.