ஒரே சுவிட்ச், மூன்று அறைகள்: ஆர்.வி. கேள்வி-பதில்

கேள்வி: அமெரிக்காவில் பழைய மோட்டார் ஹோம் (ஓட்டிக்கொண்டே போய்த் தங்கும் வீட்டு வண்டி, அதாவது ஆர்.வி.) ஒன்று வாங்கினோம். மூன்று ஸ்லைடு அவுட்களுக்கும், அதாவது வண்டி நிற்கும்போது வெளியே விரியும் அறைகளுக்கும், ஒரே சுவிட்ச். ஒரு பக்கம் மரம் இருந்தால் எதையுமே விரிக்க முடிவதில்லை. ஓர் அறையை மட்டும் வெளியே தள்ள வழி உண்டா?

உண்டு. அந்த வழி உங்கள் வண்டியிலேயே இருக்கக்கூடும். உங்களுடையது எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் அமைப்பாக இருந்தால், பம்ப் ஒன்றுதான், அறைகளைத் தள்ளும் எல்லா சிலிண்டர்களுக்கும் எண்ணெய் பிரிந்து போகிறது. எந்த அறை லேசாக நகர்கிறதோ அது முந்திக்கொள்ளும். படுக்கையறை சட்டென்று வெளியே வந்து நிற்க, சமையலறையைச் சுமக்கும் பெரிய அறை முக்கி முனகிக் கடைசியில் வருவது இதனால்தான்.

பம்புக்குப் பக்கத்தில், சாமான் வைக்கும் கீழ்ப்பெட்டிக்குள் பாருங்கள். எண்ணெய்க் குழாய்கள் பிரியும் இடத்தில் கையால் திருகும் வால்வுகள் வரிசையாக இருந்தால், அறைக்கு ஒன்று என்று கணக்கு. வேண்டாத அறைகளின் வால்வை மூடிவிட்டு சுவிட்சை அழுத்துங்கள். எது எந்த அறைக்கு என்று முதல் நாளே ஒவ்வொன்றாகச் சோதித்து, பெயர் எழுதி ஒட்டிவிடுங்கள். மழையில், இருட்டில், டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு தேடுவது சுகமான வேலை அல்ல.

வால்வே இல்லையென்றால் பின்னர் பொருத்தலாம். மின்சாரத்தில் இயங்கும் சோலனாய்டு வால்வு வைத்தால் அறைக்கொரு சுவிட்ச் கிடைக்கும். கைவால்வு மலிவு, பழுதும் குறைவு. நான் கைவால்வின் கட்சி. எதுவானாலும் பம்பின் முழு அழுத்தத்தைத் தாங்கும் ஹைட்ராலிக் வால்வாக இருக்க வேண்டும். தண்ணீர்க் குழாய்க்கான வால்வை வாங்கி மாட்டிவிடாதீர்கள்.

கேள்வி: பாதி வழியில் அறை நின்றுவிடுகிறது. எண்ணெய் ஊற்றலாமா?

அவசரப்படாதீர்கள். அறைகள் வெளியே இருக்கும்போது எண்ணெயின் ஒரு பகுதி சிலிண்டர்களுக்குள் இருக்கும். தொட்டி குறைந்துதான் தெரியும். அப்போது நிரப்பினால், அறைகளை உள்ளே இழுக்கும்போது வழிந்து கொட்டும். எல்லாவற்றையும் உள்ளே இழுத்த பிறகே அளவு பாருங்கள். பல வண்டிகளில் ஆட்டோமேட்டிக் கியருக்கான ஏ.டி.எஃப். எண்ணெய்தான், உங்கள் வண்டிக்கு எது என்பதைக் கையேட்டில் உறுதிசெய்யுங்கள்.

அதற்கு முன் பேட்டரி. பம்பை ஓட்டும் 12 வோல்ட் மோட்டார் சுமையேறும்போது மின்சாரத்தை உறிஞ்சித் தள்ளும். முகாமின் மின் இணைப்பைக் கொடுத்தோ, கையேடு அனுமதித்தால் இன்ஜினை ஓடவிட்டோ மறுபடி முயலுங்கள்.

கேள்வி: வண்டி ஓடும்போது ஓர் அறை அரை அங்குலம் வெளியே நழுவுகிறது. சிலிண்டரை மாற்றச் சொல்கிறார்கள்.

முதலில் அந்த அறையின் வால்வை மூடிச் சிறிது தூரம் ஓட்டிப் பாருங்கள். நழுவுவது நின்றால் கசிவு பெரும்பாலும் பம்ப் பக்கத்து வால்வில். நிற்காவிட்டால் சிலிண்டருக்குள் எண்ணெய் கசியாமல் தடுக்கும் சீலைச் சந்தேகிக்கலாம். சில நூறு டாலர் மிச்சமாகலாம்.

கசிவைத் தேடும்போது குழாயை விரலால் தடவவே கூடாது. ஊசித்துளையிலிருந்து பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சிறு புள்ளிதான் தெரியும், ஆனால் அது உடனே அறுவைச் சிகிச்சை கேட்கும் காயம். அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள்.

கேள்வி: பம்ப் மோட்டாரே செத்துவிட்டால்?

சில பம்ப்களில் மோட்டாரின் முனையில் ஒரு மூடி இருக்கும். அதைக் கழற்றி, பேட்டரி டிரில்லை மாட்டிச் சுழற்றினால் அறை மெதுவாக உள்ளே வரும். எந்தப் பக்கம் சுழற்றுவது என்பது கையேட்டில் இருக்கும். டிரில்லின் பேட்டரியைச் சார்ஜ் செய்து வைத்திருக்கிறீர்களா என்பதுதான் என் கேள்வி.