வீட்டுக்குள் ஓடும் காற்று: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கனடாவின் ஒன்ராறியோவில், வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ்கள் மீண்டும் இயங்கத் தொடங்கியிருக்கும் இந்நாள்களில், சூட்டுக்காற்றை அறைகளுக்குக் கொண்டுசெல்லும் தகரக் குழாய்களைப் பற்றியே பெரும்பாலான கடிதங்கள் வந்திருக்கின்றன. எல்லாவற்றுக்கும் இடமில்லாததால், பலருக்கும் பொதுவாகவுள்ள நான்கைத் தெரிந்தெடுத்திருக்கிறேன். முதற் கடிதத்துக்கான பதில் நீண்டுவிட்டது. அதிலுள்ள வேலைமுறை மற்றவர்களுக்கும் தேவைப்படும் என்பதால் அதைச் சுருக்க மனம் வரவில்லை.

கேள்வி: எங்கள் வீடு 1990களில் கட்டப்பட்டது. கராஜுக்கு மேலேயுள்ள படுக்கையறையில் மகன் படுக்கிறான். ஃபர்னஸ் எவ்வளவு நேரம் ஓடினாலும் அந்த அறை மட்டும் குளிர்ந்தே கிடக்கிறது. பார்க்க வந்தவர் பெரிய ஃபர்னஸ் போட வேண்டும் என்கிறார். இன்னொன்று: கராஜில் மீன் பொரிக்கும் நாள்களில் அந்த வாடை முதலில் அந்த அறைக்குத்தான் வருகிறது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?
வாசகி, மார்க்கம்

பதில்: தொடர்பு உண்டு, அம்மா. நீங்கள் இரண்டாவதாக எழுதிய மீன் வாடைதான் முதலாவது குறையின் காரணத்தைக் காட்டிக்கொடுக்கிறது. ஆகவே பெரிய ஃபர்னஸுக்கு இப்போது சம்மதம் சொல்லாதீர்கள்.

அந்த அறைக்குப் போகும் குழாய், பெரும்பாலும் கராஜின் கூரைப் பலகைக்கும் அறையின் தரைக்கும் இடையிலுள்ள குளிர்ந்த வெளியில்தான் ஓடும். அதன் பொருத்துகள் விலகியிருந்தால், மகனுக்குச் சேர வேண்டிய சூட்டுக்காற்று கராஜின் கூரைக்குள் போய்விடுகிறது. அப்படி வெளியேறும் காற்றுக்கு ஈடாக வீடு வேறெங்கிருந்தாவது காற்றை இழுத்துக்கொள்ளும். அது கிடைக்கும் இடுக்குகளில் கராஜின் இடுக்குகளும் அடங்கும். அறையிலிருந்து காற்றைத் திரும்பக் கொண்டுவரும் ரிட்டர்ன் குழாயும் அந்த வழியே சென்று, அதிலும் வெடிப்பு இருந்தால், ஃபர்னஸின் விசிறி கராஜின் காற்றை நேரடியாகவே உறிஞ்சும். இன்றைக்கு வருவது மீன் வாடை. காலையில் காரை இயக்கிச் சூடாக்கும்போதும், கதவைச் சாத்திக்கொண்டு எரிவாயு அடுப்பில் சமைக்கும்போதும் அதே வழியால் வருவது நிறமும் மணமும் இல்லாத கார்பன் மொனொக்சைட்டு. இந்தக் காரணத்தால்தான் கராஜுக்கும் வீட்டுக்கும் இடையே வாயு புகாத தடுப்பு இருக்க வேண்டும் என்று கட்டட விதி கேட்கிறது. பழுது பார்த்து முடியும்வரை கராஜில் அடுப்பு மூட்ட வேண்டாம் என்று உங்களை அன்போடு கேட்டுக்கொள்கிறேன். அந்த அறையின் வாசலருகே இன்றைக்கே ஓர் எச்சரிக்கைக் கருவியும் பொருத்துங்கள்.

ஃபர்னஸின் அளவு ஏன் இங்கே தீர்வாகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் எனர்ஜி ஸ்டார் திட்டத்தின் கணிப்புப்படி, சாதாரண வீடொன்றின் குழாய்களில் ஓடும் காற்றில் 20 முதல் 30 விழுக்காடு ஒழுக்குகளாலும் சரியாகப் பொருத்தப்படாத இணைப்புகளாலும் வீணாகிறது. ஓட்டை வாளிக்குப் பெரிய குழாயால் நீர் விட்டால் ஒழுக்கும் பெருகும் என்பதுபோல, பெரிய ஃபர்னஸ் கூடுதல் அழுத்தத்தோடு தள்ளும் காற்றில் கூடுதல் பங்கு கராஜுக்குத்தான் போகும்.

ஒழுக்கைக் கண்டுபிடிக்கச் சுவாமி அறையிலுள்ள ஊதுபத்தி ஒன்று போதும். ஃபர்னஸின் விசிறியைத் தொடர்ந்து ஓடும்படி வைத்துவிட்டு, நிலவறையில் தெரியும் ஒவ்வொரு பொருத்தின் அருகிலும் பத்தியை மெதுவாகக் கொண்டுசெல்லுங்கள். புகை ஒரு பக்கமாகத் தள்ளப்பட்டால் அங்கே காற்று வெளியேறுகிறது, குழாயை நோக்கி இழுக்கப்பட்டால் அது ரிட்டர்ன் பக்கத்து ஒழுக்கு. எரிவாயு மணம் சிறிதளவாவது இருந்தால் பத்தியைக் கொளுத்தக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை. பொருத்தைச் சுற்றிக் கறுத்த தூசிக் கோடுகள் படிந்திருப்பதும் ஒழுக்கின் அடையாளமே.

அடைப்பதற்குச் சாம்பல் நிறத் துணி டேப்பை வாங்காதீர்கள். டக்ட் டேப் என்பது அதன் பெயராக இருந்தாலும், குழாய்க்கு அது ஆகாது. கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வுகூடம், பலவகை அடைப்புப் பொருள்களை மாறிமாறிச் சூட்டுக்கும் குளிருக்கும் உட்படுத்திச் சோதித்து 1998இல் முடிவுகளை வெளியிட்டபோது, தொடர்ந்து தோற்றது அந்தத் துணி டேப்தான். வன்பொருள் கடைகளில் வாளியில் கிடைக்கும் மாஸ்டிக் என்ற பசையும், யூ.எல். 181 என்ற தரக் குறி அச்சிடப்பட்ட அலுமினியத் தாள் டேப்பும்தான் இதற்கு உரியவை. என் தெரிவு மாஸ்டிக். டேப் ஒட்டத் தகரம் மாசு மறுவின்றித் துடைக்கப்பட்டிருக்க வேண்டும்; முப்பது ஆண்டுத் தூசியுள்ள நிலவறையில் அது எளிதில் கைகூடுவதில்லை.

ஃபர்னஸை நிறுத்திவிட்டு, கையுறை அணிந்து, பொருத்தை ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுங்கள். வட்டக் குழாய்கள் தளர்ந்திருந்தால் ஒவ்வொரு பொருத்துக்கும் சுற்றிவரக் குறைந்தது மூன்று தகரத் திருகாணிகள் போடுங்கள். அசையும் பொருத்தில் எந்தப் பசையும் நிலைக்காது. பிறகு ஓர் ஐந்து சத நாணயத்தின் தடிப்புக்கு மாஸ்டிக்கைத் தூரிகையால் பூசுங்கள். இடைவெளி 6 மில்லிமீற்றருக்கு மேற்பட்டால், கண்ணாடியிழை வலைப் பட்டியை முதலில் வைத்து அதன்மேல் பூச வேண்டும். அழுத்தம் மிகுந்த இடமான ஃபர்னஸின் அருகிலிருந்து தொடங்கி, கிளைகள் பிரியும் இடங்களுக்குச் சென்று, தரையிலுள்ள காற்றுவாயின் பெட்டிக்கும் பலகைக்கும் இடையிலுள்ள இடுக்கில் முடியுங்கள். ஃபில்டரை மாற்றும் வாசலுக்கும் ஃபர்னஸின் கதவுக்கும் பசை பூச வேண்டாம். எரிந்த வாயுவை வெளியே கொண்டுபோகும் புகைக்குழாயைத் தொடவே வேண்டாம்; அதற்குரியவர் உரிமம் பெற்ற எரிவாயுத் தொழில்நுட்பர் மட்டுமே. பழைய வீடுகளில் வேலை செய்வோருக்கு ஓர் எச்சரிக்கை: பொருத்துகளில் கடதாசிபோன்ற வெள்ளைப் பட்டி ஒட்டியிருந்தால் அது அஸ்பெஸ்டஸாக இருக்கக்கூடும். சோதனை செய்யும்வரை அதைச் சுரண்டவோ உரிக்கவோ கூடாது.

உங்கள் வீட்டில் முக்கியமான ஒழுக்கு கராஜ் கூரைக்குள் மறைந்திருப்பதால், பலகையின் ஒரு பகுதியை வெட்டித் திறந்து குழாயை அடைத்து, பின்னர் அதைச் சுற்றி வெப்பக்காப்பு இட்டு, பலகையின் இணைப்புகள் யாவற்றையும் காற்றுப் புகாதபடி மீண்டும் மூட வேண்டியிருக்கும். வெட்ட விரும்பாவிட்டால் வேறொரு வழியும் உண்டு. மேற்சொன்ன ஆய்வுகூடத்தில் மார்க் மொடேரா 1990களில் உருவாக்கிய ஏரோசீல் முறையில், காற்றுவாய்களை அடைத்துவிட்டுக் குழாய்க்குள் அழுத்தத்தோடு நுண்ணிய பசைத் துளிகளைச் செலுத்துவார்கள். காற்று தப்பிப் போகும் ஓட்டைகளின் விளிம்பிலேயே அவை படிந்து அடைத்துக்கொள்ளும். செலவு கூடியது, கழன்றுபோன குழாயை அது ஒட்டிவைக்காது. எந்த வழியானாலும் வெப்பக்காப்பை முதலில் சுற்றிவிடாதீர்கள். ஒழுகும் குழாய்க்குப் போர்வை போர்த்துவதால் ஒழுக்கு மறையுமே தவிர நிற்காது.

கடைசியாக, மகன் இரவில் கதவைச் சாத்திப் படுப்பவரா என்று பாருங்கள். அறைக்குள் ரிட்டர்ன் வாய் இல்லாமல், கதவின் அடியிலும் இடைவெளி இல்லாவிட்டால், உள்ளே வந்த காற்று வெளியேற வழியின்றிப் புதிய காற்றைத் தடுக்கும். கதவின் அடியை முக்கால் அங்குலம் அறுத்துவிடுவதால் மட்டும் சூடான அறைகளை நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: சமையலறையைப் புதுப்பித்தபோது, அடுப்புக்கு மேலே நிமிடத்துக்கு 900 கன அடி காற்றை இழுத்து வெளியே தள்ளும் ஹூட் போட்டோம். மிளகாய் வறுத்தாலும் இப்போது இருமல் வருவதில்லை. ஆனால் அது ஓடும்போது நிலவறையில் சுடுநீர்த் தாங்கியின் பக்கம் ஒருவிதப் புகை மணம் வருகிறது. கவனிக்க வேண்டியதா?
வாசகர், ஏஜாக்ஸ்

பதில்: ஐயா, இக்கடிதத்தைப் படித்ததும் இதழ் வெளிவரும்வரை காத்திராமல் தங்களுக்குத் தனியாக மறுமொழி அனுப்பினேன். மற்ற வாசகர்களும் அறிய வேண்டும் என்பதால் இங்கே மீண்டும் எழுதுகிறேன்.

நிமிடத்துக்கு 900 கன அடி என்பது பத்துக்குப் பதினொரு அடி அளவுள்ள ஒரு சிறிய படுக்கையறையின் மொத்தக் காற்று. ஒவ்வொரு நிமிடமும் அவ்வளவு காற்று வெளியே போனால், அவ்வளவும் எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும். யன்னல்கள் இறுக மூடிய குளிர்கால வீட்டில் திறந்திருக்கும் பெரிய வழி, பழைய வகைச் சுடுநீர்த் தாங்கியின் புகைபோக்கிதான். மேலே போக வேண்டிய எரிவாயுப் புகையை ஹூட் கீழே இழுத்து வீட்டுக்குள் விடுகிறது. தாங்கள் முகர்ந்தது அதைத்தான்.

2008 டிசம்பரில் ஒன்ராறியோவின் வூட்ஸ்டாக் நகரில், எரிவாயுக் கணப்பின் புகைவழி அடைபட்டதால், காவல்துறை அலுவலரான லோரி ஹாக்கின்ஸ், அவருடைய கணவர், இரு பிள்ளைகள் என நால்வரும் கார்பன் மொனொக்சைட்டால் இறந்தார்கள். அந்த வீட்டில் எச்சரிக்கைக் கருவி இருக்கவில்லை. வீடுகளில் அக்கருவியைக் கட்டாயமாக்கும் ஹாக்கின்ஸ் ஜின்யாக் சட்டம் 2013இல் நிறைவேறியது. அக்கருவி ஒலித்தால் காரணம் தேடி நிலவறைக்கு இறங்காமல், எல்லோரும் வெளியே வந்து 911ஐ அழைக்க வேண்டும்.

உரிமம் பெற்ற தொழில்நுட்பரை அழைத்து, யன்னல்களை மூடி, ஹூட், குளியலறை விசிறிகள், துணி உலர்த்தி ஆகியவற்றை ஒன்றாக ஓடவிட்டு, தாங்கியின் புகை மேலே போகிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். அவர் வரும்வரை ஹூட்டைக் குறைந்த வேகத்தில் மட்டும், ஒரு யன்னலை நன்றாகத் திறந்துவைத்துப் பயன்படுத்துங்கள். மணம் அப்போதும் வந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். நிரந்தரத் தீர்வு இரண்டில் ஒன்று: ஹூட் இயங்கும்போது தானாகத் திறந்து வெளிக்காற்றை உள்ளே விடும் தனிக்குழாய், அல்லது எரிவதற்கான காற்றை நேரடியாக வெளியிலிருந்து எடுக்கும் மூடிய வகைச் சுடுநீர்த் தாங்கி. அமெரிக்காவின் பல மாநிலங்கள் பின்பற்றும் வீட்டுக் கட்டட விதித்தொகுப்பு, நிமிடத்துக்கு 400 கன அடிக்கு மேற்பட்ட ஹூட்டுக்கு ஈட்டுக் காற்று, அதாவது வெளியேறுவதற்கு ஈடாக உள்ளே விடப்படும் காற்று, தேவை என்ற எல்லையை வைத்திருக்கிறது. தாங்கள் போட்டது அதன் இருமடங்கைத் தாண்டியது.

நம் சமையலுக்கு வெளியே தள்ளும் ஹூட் வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதன் குழாய் வழுவழுப்பான தகரமாக, வளைவுகள் குறைந்ததாக, நடுவில் குறுகாததாக இருந்தால் சிறிய விசிறியே போதும். பொரிப்பதற்குப் பின்வரிசை அடுப்புகளைப் பயன்படுத்தும்படி ஹெல்த் கனடாவும் சொல்கிறது. அங்கிருந்து எழும் புகைதான் ஹூட்டுக்குள் முழுமையாகச் சேரும்.

கேள்வி: குழாய்களைச் சுத்தம் செய்து தருவதாக வாரம் தவறாமல் தொலைபேசி அழைப்பு வருகிறது. ஆண்டுதோறும் செய்யாவிட்டால் பிள்ளைகளுக்கு ஆஸ்துமா வரும் என்கிறார்கள். உண்மையா?
வாசகி, பிரம்ரன்

பதில்: குழாய்களைச் சுத்தம் செய்வது நோயைத் தடுத்ததாக இதுவரை நிறுவப்படவில்லை என்பதே அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் நிலைப்பாடு. கனடிய வீடமைப்புக் கூட்டுத்தாபனம் நடத்திய ஆய்விலும், சுத்தம் செய்ததால் வீட்டுக் காற்றிலுள்ள துகள்களின் அளவில் குறிப்பிடத்தக்க மாற்றம் காணப்படவில்லை. குழாய்க்குள் பூஞ்சணம் கண்ணுக்குத் தெரிந்தாலோ, எலி குடியிருந்தாலோ, வீட்டைத் திருத்தியபோது சீமெந்துத் தூசி நிறைந்துவிட்டாலோ செய்யுங்கள். மற்றபடி அந்தப் பணத்தில் நல்ல ஃபில்டர்களை வாங்கி, மாதம் ஒருமுறை பார்த்து, அழுக்கானதும் மாற்றி வாருங்கள். மிக அடர்த்தியான ஃபில்டரை ஒரு அங்குலச் சட்டத்தில் போட்டால் காற்றோட்டம் தடைப்படலாம். உங்கள் ஃபர்னஸின் கையேடு அனுமதிக்கும் அளவைப் பார்த்து வாங்குங்கள். பிள்ளைகளுக்கு இழுப்பு இருந்தால் கேட்க வேண்டியவர் மருத்துவர்.

கேள்வி: நிலவறையில் வாடகைக்கு இருக்கிறோம். மேலே தாளிக்கும் வாடை எங்களுக்கு வருகிறது. எங்கள் வாடை மேலே போவதாக அவர்களும் குறைப்படுகிறார்கள். மேல்மாடிக்குச் சூடு போதாதென்று வீட்டுக்கார அண்ணர் எங்கள் பக்கத்துக் காற்றுவாய்களை மூடச் சொல்கிறார். யன்னல்களில் நீர் வழிந்து ஓரம் கறுத்துவிட்டது. என்ன செய்யலாம்?
வாசகர், ஸ்காபுறோ

பதில்: ஒரே ஃபர்னஸ் இரண்டு குடும்பங்களின் காற்றையும் ஒரே ரிட்டர்ன் குழாயில் சேர்த்து இரண்டு பக்கமும் திருப்பி அனுப்புகிறது. அதனால் வாடைக்கு யாரும் பொறுப்பாளி அல்லர். போருக்குப் பிந்திய ஸ்காபுறோ பங்களாக்களில் ரிட்டர்ன் என்பது பல இடங்களில் குழாயாகவே இருப்பதில்லை; தரை மரங்களின் இடைவெளிக்கு அடியில் தகரத்தை அறைந்து மூடியிருப்பார்கள். அதன் ஓரங்களெல்லாம் உங்கள் கூரையிலிருந்து காற்றை உறிஞ்சும். அவ்வோரங்களை மாஸ்டிக்கால் அடைப்பதும், இரு சமையலறைகளுக்கும் வெளியே தள்ளும் ஹூட் போடுவதும் வாடையை வெகுவாகக் குறைக்கும்.

காற்றுவாய்களை மூடினால் குழாய்க்குள் அழுத்தம் கூடி, ஒழுக்கும் கூடும். மேல்மாடிக்கு அதில் கிடைக்கும் பயன் சிறிது. காற்றோட்டம் மிகக் குறைந்தால் ஃபர்னஸ் அளவுக்கு மீறிச் சூடாகித் தானாக நின்றுவிடவும் கூடும். ஸ்காபுறோவும் அடங்கிய ரொறன்ரோ மாநகரின் விதிப்படி, குளிர்காலத்தில் வாடகை வீட்டின் வெப்பநிலை 21 பாகை செல்சியஸுக்குக் குறையக் கூடாது. அது நிலவறைக்கும் பொருந்தும். இதைச் சண்டையாக்காமல், மேற்சொன்ன அழுத்தக் கணக்கை அண்ணரிடம் பொறுமையாக விளக்கிச் சொல்லுங்கள். அவருடைய ஃபர்னஸையும் அது காப்பாற்றும்.

நீர் வழிவது ஈரப்பதன் தங்கிவிட்டதைக் காட்டுகிறது. கடுங்குளிரில் வீட்டின் ஈரப்பதன் 30 விழுக்காட்டளவில் இருப்பது நல்லது. உடுப்புகளை உள்ளே உலர்த்துவதைத் தவிர்த்து, குளித்த பிறகு விசிறியை அரைமணி நேரம் ஓடவிடுங்கள். அந்த விசிறியின் குழாய் உண்மையிலேயே சுவருக்கு வெளியே போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் வெப்பம் மீட்கும் காற்றோட்டக் கருவி இருந்தால், அதன் ஃபில்டர்கள் பல ஆண்டுகளாகத் தூசி அடைத்துக் கிடக்கக்கூடும். வெளியேறும் பழைய காற்றின் சூட்டை, கலக்காமலே உள்ளே வரும் புதிய காற்றுக்கு மாற்றித் தருவது அது. ஜூன் மாதத்தில் மரங்களிலிருந்து பறக்கும் பஞ்சு அதன் வெளிவாயை அடைத்திருக்கிறதா என்பதையும் அண்ணரோடு சேர்ந்து பாருங்கள்.

நீங்கள் கேளாத ஒன்றையும் எழுதுகிறேன். ஃபர்னஸ் அறை உங்கள் படுக்கையறைக்குப் பக்கத்தில்தான் இருக்கும். உங்கள் பகுதியில் கார்பன் மொனொக்சைட்டு எச்சரிக்கைக் கருவி இல்லையென்றால் அதை உடனே பொருத்தித் தரும்படி கேளுங்கள். அவர் தாமதித்தால் நீங்களே ஒன்றை வாங்கி இன்றிரவே மாட்டிவிடுங்கள்.